ஆறாம் அத்தியாயம்: தாலுகா நிருபரின் அறிவியல்

அறிவியல் செய்தி என்றதும் பத்திரிகை அலுவலகங்களில் நினைவுக்கு வருவது ஸ்ரீஹரிகோட்டாவும் கூடங்குளமும்தான். ராக்கெட் ஏவும் நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போவார். இஸ்ரோ கொடுத்த குறிப்பு கையில் இருக்கும், விளக்கம் சொல்ல விஞ்ஞானிகள் இருப்பார்கள், எழுத ஓரளவு அவகாசமும் இருக்கும். திருக்கோவிலூரில் இருக்கும் தாலுகா நிருபருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. காலையில் தாலுகா அலுவலகத்தில் முற்றுகை, மதியம் விவசாயிகள் குறைதீர் கூட்டம், மாலையில் கோயில் திருவிழா என்று ஓடுகிற அவர், தன்னை அறிவியல் செய்தியாளர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஆனால் 2024 ஜூன் தொடங்கி டிசம்பருக்குள், அவர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து நாடு முழுக்கப் போன இரண்டு பெரிய செய்திகளும் அறிவியல் செய்திகளே. ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம். டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம். முன்னதை எழுத வேதியியலும் மருத்துவமும் தெரிய வேண்டும். பின்னதை எழுத வானிலையும் நீரியலும். இரண்டிலும் முதல் சில மணி நேரங்களில் களத்தில் நின்றவர்கள் உள்ளூர் நிருபர்கள். அந்த மணி நேரங்களில்தான் ஒரு வரிச் செய்தியால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் போகாததும், ஒரு குடும்பம் கரையைவிட்டு மேடேறுவதும் ஏறாததும் முடிவாகிறது. அந்த நிருபருக்காகவே இந்த அத்தியாயம்.

எண்ணை ஊருக்குக் கொண்டுவருதல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி உபரி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் இந்த எண் இருந்தது. வாசகர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்?

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அப்படியானால் 1,68,000 கன அடி என்பது நொடிக்கு ஏறக்குறைய 47 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய 400 ஒரே நொடியில் கொட்டித் தீர்ப்பதைப் போன்றது. இந்த ஒரு வரி இருந்திருந்தால் மணலூர்பேட்டை வாசகர் செய்தியைப் படித்ததும் ஆற்றைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நொடிக்கு 1,68,000 கன அடி வேகத்தில் ஒரு டி.எம்.சி. கடந்துபோக ஒரு மணி நாற்பது நிமிடம் போதும். சாத்தனூர் அணையின் மொத்தக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி. அதாவது நீர்வரத்தே இல்லாவிட்டால், நிரம்பிய அணை பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். இப்படிப்பட்ட வெள்ளத்தை இந்த அணையால் நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதை அரசு சொல்வதற்கு முன்பே நிருபரால் கணக்கிட்டுவிட முடியும். அடுத்த கேள்வியும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது: பெருமழை முன்னறிவிப்பு வந்தபோது அணை எந்த அளவுக்கு நிரம்பியிருந்தது? முன்கூட்டியே எவ்வளவு திறந்துவிட்டார்கள்? வெறும் எண்ணை மட்டும் அச்சிடுகிறவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

மழை அளவும் இப்படித்தான். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 செ.மீ. மழை பெய்தால் 50 கோடி லிட்டர் தண்ணீர். ஊத்தங்கரை வட்டாரத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூருக்கு வருகிறது. அங்கிருந்து மணலூர்பேட்டை வழியாகத் திருக்கோவிலூருக்கு. ஆகவே திருக்கோவிலூர் நிருபர் தன் ஊர் மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். மீதிப் பாதி ஊத்தங்கரையிலும் கிருஷ்ணகிரி அணையிலும் ஓசூர் கெலவரப்பள்ளியிலும் இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில் புறப்படுகிற ஆறு இது என்பதை அவர் மறக்கக் கூடாது.

கடைசியாக, எண்ணை ஊரின் அடையாளத்தோடு கட்டிவிட வேண்டும். திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயிலையொட்டி ஆற்றுக்குள் நிற்கிறது கபிலர் குன்று. ஊரில் அதை அறியாதவர் இல்லை. பாறையின் எந்த மட்டம் வரை தண்ணீர் ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது, அப்போது அணையிலிருந்து எவ்வளவு திறக்கப்பட்டிருந்தது என்று மூன்று விவரங்களையும் ஒரே வரியில் குறித்துவைக்கிற நிருபர், அடுத்த வெள்ளத்துக்கான அளவுகோலை உருவாக்கிவிடுகிறார். பாலத்துத் தூண்களில் கோடு போட்டுப் படம் எடுத்துவைத்தாலும் போதும்.

“வலுவிழந்தது” என்ற தலைப்பு

டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு சரியானது. அதைத் தலைப்பாக்கியதில் எழுத்துப் பிழையும் இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனால் கரையோரத்தில் இருப்பவர் அதை “ஆபத்து நீங்கியது” என்று படித்துவிட்டுப் படுக்கப் போவார். வெள்ளம் வந்தது அன்று நள்ளிரவுக்குப் பிறகு.

புயல், தாழ்வு மண்டலம், தாழ்வுப் பகுதி என்ற வகைப்பாடு காற்றின் வேகத்தை வைத்துச் செய்யப்படுகிறது. மழையின் அளவை வைத்து அல்ல. காற்று தளர்ந்த மண்டலம் ஓரிடத்தில் நின்றோ மெதுவாக நகர்ந்தோ கொட்டித் தீர்க்கலாம். ஃபெஞ்சல் அப்படித்தான் செய்தது. புதுச்சேரி அருகே நெடுநேரம் நகராமல் நின்று விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைத் தந்தது. பிறகு மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையை நனைத்தது. “வலுவிழந்தது” என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் “காற்றின் வேகம் குறைந்தது; மழை தொடரும்” என்ற அடுத்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

“ரெட் அலர்ட்” விஷயத்திலும் இதே கவனம் தேவை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் முதன்மையாக நிர்வாகத்துக்கான செயல் குறிப்புகள்: கவனித்திருங்கள், தயாராக இருங்கள், நடவடிக்கை எடுங்கள். 24 மணி நேரத்தில் 20.45 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. அந்த அளவு மாவட்டம் முழுக்கப் பெய்யும் என்று யாரும் சொல்வதில்லை. ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும் என்றே அறிவிப்பு சொல்லும். “ஓரிரு இடங்களில்” என்ற சொல்லை டெஸ்க் வெட்டிவிட்டால், மழை பெய்யாத ஊர்க்காரர் அடுத்த முறை அறிவிப்பையே நம்ப மாட்டார்.

எச்சரிக்கை யாரைச் சேர்ந்தது?

வெள்ளம் வடிந்ததும் அரசியல் வாக்குவாதம் தொடங்கியது. முன்னறிவிப்பு இல்லாமல் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. படிப்படியாக எச்சரிக்கை விடுத்த பிறகே திறந்ததாக அரசு சொன்னது. பெரும்பாலான பத்திரிகைகள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நடுநிலை காத்தன. ஆனால் இது இரு தரப்பையும் கேட்டு முடித்துவிடும் விஷயமல்ல. சரிபார்க்க முடிந்த விஷயம்.

அணையிலிருந்து கிளம்பிய எச்சரிக்கை எத்தனை மணிக்கு, யாருக்கு, எந்த வடிவில் போனது? ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, வி.ஏ.ஓ.வுக்கு, அவரிடமிருந்து கரையோரத் தெருவுக்கு. ஒவ்வொரு படியிலும் நேரத்தைக் குறித்தால் எச்சரிக்கை எந்த இடத்தில் நின்றுபோனது என்பது தெரிந்துவிடும். அந்த எச்சரிக்கையில் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதும் முக்கியம். கன அடிக் கணக்கு மட்டும் இருந்ததா, “இந்தத் தெருவரை தண்ணீர் வரலாம், இந்தப் பள்ளிக்குப் போங்கள்” என்று இருந்ததா? நள்ளிரவில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸைத் தூங்குகிறவர் படிப்பாரா, தண்டோரா போட்டார்களா, ஒலிபெருக்கி ஆட்டோ போனதா? சாத்தனூரிலிருந்து திருக்கோவிலூர் வரை வரைபடத்தில் நேர்க்கோடு போட்டாலே 40 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. திறந்த தண்ணீர் வந்துசேர எத்தனை மணி நேரம் ஆனது என்பதை ஊரில் விழித்திருந்தவர்களிடம் கேட்டுத் தொகுக்க முடியும். இந்த விவரங்களில் அலுவலகத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேட்கலாம்.

அதே வெள்ளத்தில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம் பள்ளிப்பட்டில், சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் அடித்துச்செல்லப்பட்டது. வடிவமைப்பில் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்ததே காரணம் என்று அரசு விளக்கியது. பெரும்பாலான செய்திகள் அத்தோடு முடிந்தன. அறிவியல் நிருபருக்குச் செய்தி அங்கேதான் தொடங்குகிறது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைக் கணக்கில் கொண்டு பாலத்தை வடிவமைத்தார்கள்? அந்தக் கணக்கில் எந்தெந்த ஆண்டுகளின் மழை சேர்க்கப்பட்டது? பருவநிலை மாறிவரும் காலத்தில் பழைய மழைக் கணக்கு போதுமா?

காரணம் உறுதியாகும் முன்

2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. தடயவியல் ஆய்வில் மெத்தனால் உறுதியானது. இருநூறுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடக்கத்தில் வந்த மறுப்பால் பலர் ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதித்தார்கள் என்ற விமர்சனம் கடுமையாக எழுந்தது.

அந்த முதல் மணி நேரத்தில் நிருபர் கையில் இரண்டு தவறான வழிகள் இருந்தன. ஊரார் சொல்வதை வைத்து “விஷச் சாராயத்துக்குப் பலி” என்று அடித்துவிடுவது ஒன்று. அதிகாரி மறுத்தார் என்பதால் சாராயத்தின் பேச்சையே எடுக்காமல் விடுவது மற்றொன்று. மூன்றாவது வழிக்குக் கொஞ்சம் வேதியியல் தெரிய வேண்டும்.

மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கேடு செய்வது இந்த அமிலம். அது செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. முதலில் அடிவாங்குவது பார்வை நரம்பு. இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் பன்னிரண்டு மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூட, நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவார். இந்த இடைவெளியில்தான் ஃபோமிபிசோல் என்ற முறிவு மருந்து அதிகம் பயன்படுகிறது. மெத்தனால் அமிலமாக மாறுவதை அது தடுக்கும். சேர்ந்துவிட்ட அமிலத்தையும் மெத்தனாலையும் டயாலிசிஸ் மூலம் வெளியேற்றுவார்கள்.

இவ்வளவு தெரிந்த நிருபர், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே பொறுப்போடு இப்படி எழுத முடியும்: “இறப்புக்கான காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஒரே பகுதியில் பலருக்கு வாந்தியும் கண் மங்கலும் சேர்ந்து வருவது மெத்தனால் நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம். கடந்த இரண்டு நாட்களில் சாராயம் குடித்தவர்கள் இப்போது நலமாக இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.” இதில் யார் மீதும் பழி இல்லை. உறுதியாகாத எதையும் உறுதியானதாகச் சொல்லவுமில்லை. ஆனாலும் உயிர் காக்கும் தகவல் இருக்கிறது.

இதற்கான குறிப்பு அப்போதே கையில் இருந்திருக்க முடியும். ஓர் ஆண்டுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அப்போது எழுதியவர்கள் ஒரு பக்கக் குறிப்பைத் தயாரித்து வைத்திருந்தால், பக்கத்து மாவட்ட நிருபருக்கு அது உதவியிருக்கும்.

மருந்துப் பெயரில் நேர்ந்த குழப்பம் இன்னொரு பாடம். கருணாபுரம் சாவுகளை ஒட்டிய அரசியல் பேச்சில் ஃபோமிபிசோலும் ஓமிப்ரசோலும் கலந்து அடிபட்டன. ஓமிப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்க லட்சக்கணக்கானோர் விழுங்கும் மாத்திரை; மெத்தனாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட்டியில் கேட்ட மருந்துப் பெயரை அப்படியே அடிக்காமல் ஒரு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சரிபார்த்திருந்தால், “மருந்து இருப்பு இருக்கிறது” என்ற பதில் எந்த மருந்தைப் பற்றியது என்று வாசகருக்குப் புரிந்திருக்கும்.

பலி எண்ணிக்கைக்கும் ஒழுங்கு வேண்டும். நோயாளிகள் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் முண்டியம்பாக்கம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருந்தார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டவர் இரண்டு பட்டியலிலும் வந்துவிடலாம். மருத்துவமனை வாரியாக, நேரம் குறித்து, யார் சொன்ன எண் என்பதோடு ஓர் அட்டவணை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

காரணத்தை மறுக்கும் அவசரத்தைப் போலவே, காரணத்தைக் கற்பிக்கும் அவசரமும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். “தடுப்பூசி போட்ட மறுநாள்” என்ற தொடரில் ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் அந்தத் தொடர், இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்ற மருத்துவமனை விளக்கத்தைவிட வேகமாகப் பரவியது. தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய நிபுணர் குழு பின்னர் சொன்னபோது, அது பல பத்திரிகைகளில் உள்பக்கச் செய்தி. நிபுணர் குழு முடிவு எப்போது வந்தாலும், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போட வேண்டும் என்று ஆசிரியரோடு வாதாடுவது நிருபரின் வேலை.

மலையும் ஆலையும்

கருணாபுரத்துக்குப் பிறகு அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சாராய வேட்டை நடந்தது. ஊறல் பேரல்கள் கவிழ்க்கப்படும் படங்கள் தினமும் வெளிவந்தன. சாவுச் செய்திக்குப் பக்கத்திலேயே இந்தப் படங்கள் வந்ததால், மலையில் காய்ச்சிய சாராயமே கொன்றது என்று படிப்பவர் மனதில் பதிந்தது.

வெல்லத்தை ஊறப்போட்டால் ஈஸ்ட் அதை எத்தனாலாக மாற்றுகிறது. அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். பழங்களிலும் பட்டைகளிலும் உள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் சிறிதளவு உண்டாகலாம் என்றாலும், ஒரே நேரத்தில் பல உயிர்களைப் பறிக்கும் மெத்தனால் வெல்ல ஊறலில் விளைவதில்லை. அது ஆலைகளுக்குக் கரைப்பானாகத் தயாரிக்கப்படும் திரவம். அது வரும் வழி கிடங்கு, டேங்கர், பில் புத்தகம். மலைச் சாராயமும் சட்டவிரோதம்தான், உடலுக்குக் கேடுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால், கேள்வி கேட்க வேண்டிய ஆலைப் பக்கம் தப்பித்துவிடுகிறது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மொத்தமாகக் குற்றவாளிகளாகிறார்கள். 2024 ஜூலையில் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்த பிறகே, மலையின் சாலையும் ஆஸ்பத்திரியும் பெரிய செய்திகளாயின.

இடர்ப்பாடுகளும் மாற்று வழிகளும்

முதல் இடர்ப்பாடு, பேச ஆள் கிடைக்காதது. அரசு மருத்துவரும் பொறியாளரும் நடத்தை விதிகளுக்குப் பயந்து வாய் திறப்பதில்லை. அதனால் நடந்த சம்பவத்தைப் பற்றிக் கேட்காமல், பொதுவான அறிவியலைக் கேட்கலாம்: “மெத்தனால் உடலில் என்ன செய்யும்?” என்ற கேள்விக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர்கூடப் பதில் சொல்வார். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. புதுச்சேரி ஜிப்மரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. வேளாண்மைக்குத் திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நெருக்கடி வருவதற்கு முன்பே இவர்களோடு அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிழைப்பு. பகுதி நேர நிருபர்கள் பலருக்குச் சம்பளத்தைவிட விளம்பரக் கமிஷனே வருமானம். சர்க்கரையை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லும் வைத்தியசாலையின் விளம்பரத்தைக் கொண்டுவருபவரும், அந்த வைத்தியத்தைச் சரிபார்க்க வேண்டியவரும் ஒரே ஆள். சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது என்று நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால், மறுப்பு நிருபரின் தனிப்பட்ட பிடிவாதமாகத் தெரியாது. நிறுவனத்தின் பாதுகாப்பாகத் தெரியும்.

மூன்றாவது, நேரம். வாட்ஸ்ஆப்பில் வெள்ள வீடியோ வந்து பத்து நிமிடத்தில் செய்தி கேட்பார்கள். அது எந்த ஆண்டு வெள்ளம், எந்த ஆறு என்பதைப் பாலம், கோபுரம், கடைப் பலகை ஆகியவற்றை வைத்து உள்ளூர் நிருபர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சென்னை டெஸ்க்குக்கு இல்லாத பலம் அது.

பயிற்சி

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இவற்றை முடித்துவிட வேண்டும்.

1. தென்பெண்ணையின் முழுப் பாதையையும் ஒரு தாளில் வரைந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளின் கொள்ளளவையும் கட்டுப்பாட்டு அறை எண்களையும் எழுதவும். திருக்கோவிலூர் கரையோரத் தெருக்களில் தண்ணீர் முதலில் நுழையும் இடத்தை மூத்தவர்களிடம் கேட்டுக் குறிக்கவும்.

2. நொடிக்கு 10,000, 50,000, 1,00,000 கன அடியை லிட்டராக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் கபிலர் குன்றில் எதுவரை தண்ணீர் இருந்தது என்று ஊராரிடம் விசாரித்து எழுதவும்.

3. மெத்தனால், பூச்சிக்கொல்லி, பாம்புக்கடி மூன்றுக்கும் தனித்தனியே ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கவும்: அறிகுறி, தோன்றும் நேரம், முறிவு மருந்து, அது இருக்கும் மருத்துவமனை, டயாலிசிஸ் வசதி இருக்கும் இடம். ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து அந்த மருத்துவமனைக்குப் பேருந்திலும் ஆம்புலன்ஸிலும் ஆகும் நேரத்தையும் சேர்க்கவும்.

4. “சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 60,000 கன அடி திறப்பு” என்ற கற்பனைச் செய்தியை 120 சொற்களில் எழுதவும். ஆற்றங்கரையில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் வாசித்துக்காட்டி, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கவும். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் மறுபடி எழுதவும்.